‘காது சரி’ என்று நான் எழுதிய அட்டை

போன மாதம் துடியலூரில் நான் வேலை பார்த்த குழந்தைகள் வளர்ச்சி மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கப் புது மிஷின் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். ஓய்வு பெற்றவளை நினைவு வைத்துக் கூப்பிடுகிறார்களே என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். பிறந்து மூன்று நாளான குழந்தையின் காதில் பட்டாணி அளவு ரப்பர் முனையைச் செருகினார்கள். ஒரு சின்னப் பெட்டி அரை நிமிஷம் யோசித்தது. பச்சை விளக்கு எரிந்தது. முடிந்தது. குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது.

எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதே விஷயத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் கிலுகிலுப்பையும் டம்ளரும் ஸ்பூனும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பஸ் ஏறி, நாய்களுக்குப் பயந்து ஓடி, ஒரு நாளைக்கு எட்டு காபி குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டோம். இப்போது பச்சை விளக்காம்.

அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏதோ கேட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து பேசுவதென்றால் சோம்பல். எல்லாம் உதட்டுக்குள்ளேயே முடிந்துபோகிறது. மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்ன பிறகுதான் விளங்கியது. மிஷின் இல்லாத காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எப்போதாவது தப்பு நடந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.

தப்பா, நானா என்று சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் எண்பதுகளின் கடைசியில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். ஒரு வருஷம் பயிற்சி. எந்த மாதத்தில் குழந்தைக்குத் தலை நிற்க வேண்டும், எப்போது குப்புற விழ வேண்டும், உட்கார வேண்டும், பெயர் சொன்னால் திரும்ப வேண்டும் என்றெல்லாம் மனப்பாடம் செய்தேன். அதன் பலனாக ஒரு வருஷத்துக்கு நான் போன கல்யாண வீடுகளில் எல்லாம் கலவரம். சொந்தக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுகிற சாக்கில் காலை மடக்கிப் பார்ப்பேன், விரலை ஆட்டிக் கண்ணைப் பார்ப்பேன். என் சின்ன நாத்தனார் மகன் ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை என்று அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துரத்தினேன். கூட்டுக் குடும்பத்தில் ஏழு பெண்கள் மாற்றி மாற்றி இடுப்பில் வைத்திருந்ததால் அவனுக்குத் தரையில் கால் வைக்கச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இறக்கி விட்ட மூன்றாம் நாள் ஓடினான். நாத்தனார் என்னோடு ஓராண்டு பேசவில்லை.

மையத்தின் தலைவி டாக்டர் ரங்கநாயகி. ஆர்.எஸ்.புரத்திலிருந்து தானே வண்டி ஓட்டி வருவார். வீட்டில் தெலுங்கு, வெளியில் அசல் கோயமுத்தூர்த் தமிழ். சத்தம் போட்டு யாரையும் திட்டியதில்லை. எங்களுக்கு அவருடைய கோபத்தை அளக்க வேறொரு வழி இருந்தது. சந்தோஷமாக இருந்தால், “ஏ மரகதம், இங்க வா” என்பார். கொஞ்சம் மனஸ்தாபம் என்றால், “மரகதம், இங்க வாங்க.” விஷயம் முற்றிவிட்டால், “மரகதமுங்க, கொஞ்சம் இப்படி வந்து உக்காருங்களேனுங்க.” அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டவர்கள் மறுநாள் லீவு போட்டுவிடுவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் இதை மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போவார்கள், பாவம்.

அவர் எங்களுக்கு மூன்று சட்டங்கள் வைத்திருந்தார். முதலாவது, பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. குழந்தையின் அட்டையில் ‘வலது பின்பக்கம் கிலுகிலுப்பை, இரண்டு முறை திரும்பியது’ என்று எழுதலாம். ‘காது சரி’ என்று எழுதக் கூடாது. சரியா இல்லையா என்று சொல்ல நீ யார் என்பது அவர் கட்சி. இரண்டாவது, காது சோதனைக்கு ஒருத்தியாகப் போகாதே. ஒருத்தி குழந்தைக்கு முன்னால் பொம்மை காட்ட வேண்டும், பொம்மையை மறைத்த நொடியில் இன்னொருத்தி பின்னாலிருந்து காது மட்டத்தில், ஒரு கை தூரத்தில், கண்ணில் படாமல் சத்தம் எழுப்ப வேண்டும். கிலுகிலுப்பை ஒரு தடவை, டம்ளர் விளிம்பில் ஸ்பூனை மெதுவாகத் தேய்ப்பது ஒரு தடவை, வாயால் ‘ஸ்ஸ்’ என்பது ஒரு தடவை. மூன்றாவது சட்டம்தான் எங்கள் சீமைக்கே உரியது. சோதனை முடியாமல் காபி குடிக்காதே.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்து வீடுகளில் நுழைந்தால் போதும், “வாங்கம்மணி, மொதல்ல உக்காருங்க, ஒரு வாய் காபி குடிங்க” என்று டம்ளர் வந்துவிடும். குடித்த பிறகு அந்த வீட்டைப் பார்த்து, உங்கள் குழந்தைக்கு ஏதோ குறை தெரிகிறது என்று சொல்ல நாக்கு எழாது. “காபி தொண்டைல எறங்குச்சுன்னா உண்மை தொண்டைல நின்னுபோகும்” என்பார் டாக்டர். நாங்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அந்த வீடுகளில் ஒரே பதில்தான்: “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்குது.”

குழந்தையே இல்லை என்றுகூடச் சொல்வார்கள். நான் துணி காயும் கொடியைப் பார்ப்பேன். ஒரு குழந்தைதான் என்பார்கள், கொடியில் இரண்டு அளவுச் சட்டை காயும். “இந்தப் பெரிய சட்டை யாருதுங்க, உங்க வீட்டுக்காரருதா?” என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்பேன். அப்படிச் சட்டையைப் பிடித்துக் கண்டுபிடித்த குழந்தைகள் சிலர் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம். சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறி வீடு. பழனிச்சாமி, ராஜாமணி என்று புருஷன் பெண்டாட்டி. நான்கு தறி. வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர். ஒன்பது மாதப் பெண் குழந்தை கௌசல்யா. என்னோடு வர வேண்டியவளுக்கு அன்று காய்ச்சல். நான் தனியாகப் போய்விட்டேன். ஆக, இரண்டாவது சட்டம் வாசலிலேயே போயிற்று.

தறிச் சத்தம் கேட்காதவர்களுக்கு அதை எழுதிக் காட்ட முடியாது. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் உதடு அசைவதுதான் தெரியும். ராஜாமணி கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள். காபி. நானும் தலையாட்டினேன். மூன்றாவது சட்டமும் போயிற்று.

குழந்தை சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு சத்தத்தில்! தறியை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினேன். பழனிச்சாமி மனசில்லாமல் ஒவ்வொன்றாக நிறுத்தினார். நான்காவது தறி நின்றதுதான் தாமதம், தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு வீல் என்று அழுதது.

“பாத்தீங்களா?” என்றாள் ராஜாமணி. “தறி ஓடுனா ஒறங்குவா. தறி நின்னா எந்திரிச்சுக்குவா. இதுக்குப் போயி நாலு பேரு வந்து காத டெஸ்ட் பண்றீங்க.”

“நான் ஒருத்திதான வந்திருக்கேன்” என்றேன். சிரித்தோம்.

சத்தம் நின்றதும் விழிக்கிற குழந்தைக்குக் காதில் என்ன குறை இருக்க முடியும்? என் மனசுக்குள் சோதனை அங்கேயே முடிந்துவிட்டது. மிச்சம் சும்மா ஒரு சடங்கு. குழந்தையை ராஜாமணி மடியில் உட்கார வைத்தேன். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால், தறிக்கூடத்து வெக்கைக்காக, டேபிள் ஃபேன் ஓடியது. தலையில் அன்று காலை காந்திபுரத்தில் வாங்கிய இரண்டு முழம் மல்லிகை. எனக்கு வேலைக்குப் போகும்போது பூ வைக்காவிட்டால் கை ஓடாது. வலது பக்கம் குனிந்து கிலுகிலுப்பையை ஆட்டினேன், திரும்பினாள். இடது பக்கம் ஆட்டினேன், திரும்பினாள். திரும்பி என்னைப் பார்த்து இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தாள். டம்ளரும் ஸ்பூனும் பையிலேயே இருந்தன. பழனிச்சாமி வாசலில் நின்று தறியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பதினோரு மணி பஸ் வேறு. அட்டையை எடுத்து, பெரிய எழுத்தில் ‘காது சரி’ என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டு வந்தேன். ஆக, முதல் சட்டமும் போயிற்று.

எட்டு மாதம் கழித்து ஆடி மாதம் வந்தது. அந்தியூர்த் திருவிழாச் சந்தைக்குத் தமிழ்நாட்டு மாடு, குதிரை எல்லாம் வந்து சேரும், அத்தனை கூட்டமும் வரும். கூட்டம் இருக்கும் இடத்தில் குழந்தைகளும் இருக்கும் என்று டாக்டர் அங்கே ஒரு பந்தல் போட்டார். ‘குழந்தைகள் வளர்ச்சிப் பரிசோதனை’ என்று துணியில் எழுதிக் கட்டினோம். முதல் நாள் ஒரு விவசாயி இரண்டு மாதக் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். “இதுவும் கொழந்ததானுங்க, பின்னங்கால் செரியா ஊன மாட்டீங்குது” என்றார். டாக்டர் கீழே உட்கார்ந்து கன்றின் காலை மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டு டாக்டரிடம் அனுப்பினார்.

பந்தலுக்கு எதிரே குதிரைகள். இரண்டாம் நாள் கூட்டம் குறைந்த நேரத்தில் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்க வந்தவர் ஒரு வெள்ளைக் குதிரையின் கண்ணுக்கு நேரே கையை விசுக்கென்று ஆட்டினார். குதிரை கண்ணைச் சிமிட்டியது. “கண்ணு நல்லா தெரியுது” என்று அவர் துண்டுக்குள் கையை நீட்டி விரலைப் பிடித்து விலை பேசத் தயாரானார். கூட வந்த தரகர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

“ஏனுங்க, அது உங்க கையப் பாத்தா சிமிட்டுச்சு? கை வீசுன காத்துக்குச் சிமிட்டுச்சுங்க. குருட்டுக் குதிரையும் காத்துக்குச் சிமிட்டும். ஒத்த விரல, மெதுவா, காத்து படாம கொண்டு போங்க.”

அவர் ஒற்றை விரலை மெதுவாகக் கொண்டுபோனார். குதிரை சும்மா நின்றது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சோமனூர் வீட்டின் டேபிள் ஃபேன் கண்ணெதிரே ஓடியது. நான் வலது பக்கம் குனிந்தபோது அவள் வலது கன்னத்தில் பட்ட ஃபேன் காற்றை என் உடம்பு மறைத்திருக்கிறது. என் மல்லிகை வாசம் குழந்தையின் மூக்குக்குப் போயிருக்கிறது. இடது பக்கமும் அப்படியே. அவள் கிலுகிலுப்பைக்குத் திரும்பவில்லை. பூக்காரிக்குத் திரும்பியிருக்கிறாள். அப்புறம் தொட்டில்! அது தொங்கிய உத்தரமும் தறிக்கூடத்துச் சுவரில்தான் ஊன்றியிருந்தது. தறி ஓடினால் தொட்டில் அதிரும், நின்றால் அதிர்வு நிற்கும். அது உடம்புக்குத் தெரிய காது வேண்டியதில்லை.

தலையிலிருந்து பூவைப் பிய்த்து எடுத்தேன். நேரே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். காபி குடித்தது உட்பட.

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, “எத்தன மாசம் ஆச்சுங்க மரகதமுங்க?” என்றார்.

“எட்டு மாசம்ங்க.”

“எட்டு மாசமுங்க” என்றார் அவரும். அவ்வளவுதான் திட்டு. அந்த வயதில் ஒரு மாதம் என்பது என்ன என்று எங்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். பேச்சு உள்ளே போகிற காலம் அது. உள்ளே போகாதது பிற்பாடு வெளியே வருவது கஷ்டம். நான் அந்தக் குழந்தையிடமிருந்து எட்டு மாதத்தைத் திருடிவிட்டேன். அதற்குமேல் அதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே சோமனூர் போனோம். வழியில், “நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?” என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

கௌசல்யா வீடெல்லாம் நடந்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் ஓடிப்போய்த் தறிக்கூடத்தில் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். தறியை நிறுத்து என்று அர்த்தம். பிறகு எங்களைச் சுட்டிக் காட்டினாள். பழனிச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை. “பாருங்க டாக்டரம்மா, ஒன்றர வயசு இன்னும் ஆகல. நூல் அறுந்தாக்கூட விரல வெச்சுக் கத்திரி மாதிரிக் காட்டுவாளுங்க. ஊட்லயே வெவரமானவ இவதான்.”

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. அந்த வீட்டில் யாருமே காதால் வாழவில்லை. சாப்பிட வா, நூல் அறுந்தது, ஆள் வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் கைதான், உதடுதான். காது கேட்காத குழந்தை பிறந்தால் அது தெரியாமலே போவதற்கு இதைவிடத் தோதான வீடு கிடையாது. அங்கே அவளிடம் குறை என்று எதுவும் இல்லை. அவர்கள் பேசும் பாஷையை அவள் எல்லோரையும்விட நன்றாகப் பேசினாள்.

காபி வந்தது. “டெஸ்ட் முடிச்சுட்டுக் குடிக்கறமுங்க” என்று டாக்டர் டம்ளரை ஓரமாக வைத்தார். ராஜாமணியின் முகம் மாறியது. வீட்டுக்கு வந்தவர் காபியை ஒதுக்கினால் சேதி நல்லதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தறிச் சத்தமும் அதிர்வும் எட்டாத தூரத்துக்கு, வீட்டுக்குப் பின்னால் சோளம் அறுத்த காட்டுக்குப் போனோம். அங்கே டாக்டர் செய்த ஏற்பாடுகளைப் பார்த்தவர்கள் நாங்கள் முயல் பிடிக்க வந்தவர்கள் என்றே நினைத்திருப்பார்கள். முந்தானையைத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். காற்று குழந்தையிடமிருந்து என் பக்கம் வர வேண்டும். வெயில் குழந்தைக்கு எதிரே இருக்க வேண்டும், என் நிழல் எனக்குப் பின்னால் விழ வேண்டும். செருப்பைக் கழற்றச் சொன்னார். வளையலைக் கழற்றச் சொன்னார். கிட்டே வந்து என் கழுத்தை மோந்து பார்த்தார். “பவுடருங்களா?” நான் வாய்க்கால் தண்ணீரில் முகத்தையும் கழுத்தையும் கழுவிக்கொண்டு வந்தேன். பழனிச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால்.

ராஜாமணி மண்ணில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் முன்னால் குந்தியிருந்து ஒரு சிவப்புப் பந்தைக் காட்டினார், மறைத்தார். நான் பின்னாலிருந்து கிலுகிலுப்பையை ஆட்டினேன். அவள் பந்து மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரில் ஸ்பூனைத் தேய்த்தேன். ‘ஸ்ஸ்’ என்றேன். மறுபக்கம் போய் எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். அவள் பந்துக்காகக் கையை நீட்டினாள்.

“குறும்புங்க” என்றார் பழனிச்சாமி. “வேணும்னே திரும்ப மாட்டீங்கறா.” ஓடிப்போய் வீட்டிலிருந்து ஒரு பித்தளைத் தாம்பாளமும் கரண்டியும் கொண்டுவந்தார். டாக்டர் தடுக்கவில்லை. குழந்தைக்குப் பத்தடி பின்னால் நின்று அடித்தார். சோளத்தட்டில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்தார். இன்னும் கிட்டே வந்து அடித்தார். இன்னும் கிட்டே. காதுக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் கௌசல்யா புருவத்தைச் சுருக்கி, எங்கோ தூரத்தில் யாரோ கூப்பிட்டதுபோல மெதுவாகத் தலையைத் திருப்பினாள். அப்பாவைப் பார்த்ததும் சிரித்தாள். அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

என் முறை. ராஜாமணியின் எதிரே உட்கார்ந்து அட்டையைக் காட்டினேன். “இது நான் எழுதுனது. தப்பா எழுதிட்டேன். ஒழுங்கா டெஸ்ட் பண்ணாம எழுதிட்டேன். எம்மேல தப்பு” என்றேன்.

அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “எனக்கு முன்னயே ஒரு சந்தேகம் இருந்துச்சுங்க. கோயமுத்தூர்ல எங்கக்கா ஊட்டுக்குப் போனப்ப, பின்னால இருந்து கூப்ட்டா திரும்பல. ஆருகிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன். நீங்க வந்து சரின்னு எழுதிக் குடுத்துட்டுப் போனீங்க. பெத்தவளே கொழந்தயச் சந்தேகப்பட்டுட்டமேன்னு அன்னிக்கு என்னய நானே வஞ்சுக்கிட்டனுங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, “வாங்க, காபி ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தர்றேன்” என்றாள். சூடு பண்ணித் தந்தாள். எனக்கும் தந்தாள். என் வாழ்நாளில் குடித்ததிலேயே குடிக்க முடியாத காபி அதுதான்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தூங்க வைத்துச் சோதித்து, ஓரளவு கேட்கும் திறன் மிச்சமிருக்கிறது என்றார்கள். அந்தக் காலத்துக் காதுமிஷின் தீப்பெட்டியைவிடப் பெரியது. நெஞ்சில் தொங்கும், இரண்டு ஒயர் காதுக்கு ஏறும். ராஜாமணி தங்கள் தறியில் நெய்த காடாத் துணியிலேயே அதற்குப் பை தைத்தாள். இனிமேல் குழந்தையிடம் நாள் முழுக்கப் பேச வேண்டும், தறிக்கூடத்தை விட்டு வெளியே வந்து பேச வேண்டும், கண்டதையெல்லாம் பேச வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பதினெட்டு வயதிலிருந்து தறிச் சத்தத்துக்குள் வாயே திறக்காமல் வாழ்ந்தவள் ராஜாமணி. முதல் வாரம் அவளுக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. நான் வாரத்துக்கு இரண்டு நாள் போனேன். டாக்டர் அனுப்பவில்லை, நானாகத்தான் போனேன். காட்டில் உட்கார்ந்து, இது காக்கா, அது கரண்டுக் கம்பம், அதோ போறது நம்ம ஊரு பஸ்ஸு, இன்னிக்கும் லேட்டு என்று நான் பேச, அவள் பேச, ஆறு மாதத்தில் அவளை நிறுத்த முடியாமல் போயிற்று. பழனிச்சாமி என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “புள்ளைக்குப் பேச்சு வருதோ இல்லியோ, இவளுக்கு வந்துபோச்சுங்க. ஊட்ல உக்கார முடியல.”

அடுத்த ஆடிக்கு முன்னால் ஒரு நாள், நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது கௌசல்யா நடுவில் புகுந்து, வாயைக் குவித்து, “ங்கா” என்றாள். நாங்கள் பேச்சை நிறுத்தினோம். மறுபடி, “ங்கா!” நாங்கள் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் தொங்கியதைத்தான் அந்தக் குழந்தை முதலில் பிடித்திருக்கிறது. இந்தச் சீமைக் குழந்தை வேறெதைப் பிடிக்கும்! ராஜாமணி அன்றுதான் அழுதாள். நான் போன் போட்டுச் சொன்னேன். டாக்டர் தெலுங்கில் என்னவோ கத்திவிட்டு, “ஏ மரகதம், நாளைக்குக் காலைல நேரத்துல வந்துரு” என்றார். ஒரு வருஷமாக ‘மரகதமுங்க’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். அந்த ‘ஏ’வுக்காக நான் போன் வைத்த கடையிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எல்லாம் சினிமாபோல முடிந்துவிடவில்லை. அவள் பேச்சில் சில எழுத்துகள் இன்றைக்கும் மழுங்கித்தான் வரும். எட்டு மாதம் முன்னால் மிஷின் மாட்டியிருந்தால் அவையும் வந்திருக்குமோ என்று அவள் பேசும்போதெல்லாம் நினைப்பேன். பள்ளிக்கூடம் முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி டிசைன் பண்ணுகிறாள். பேச்சு சொல்லிக்கொடுத்த நான் அவளுக்கு இன்றும் டீச்சரம்மாதான். காதுக்குப் பின்னால் பூச்சி அளவு மிஷின். மல்லிகைக் கதையை அவள் அம்மா அவளுக்குச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வருவது அவளுடைய குறும்பு.

நேற்று இந்தக் கட்டுரையை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறை என்று என் மருமகள் தினமும் சண்டை போடுகிறாள். அவளுக்குக் காது ரொம்ப மென்மை. எழுதிக்கொண்டிருக்கும்போதே மல்லிகை வாசம் வந்தது. திரும்பினேன். ஒரு கை தூரத்தில் கௌசல்யா நின்றிருந்தாள்.

“எப்பம்மா வந்தே?”

“கேட்டுல இருந்து கூப்ட்டனுங்க. வாசல்ல நின்னு கூப்ட்டேன். இங்க வந்தும் கூப்ட்டேன்” என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. “டீச்சரம்மா, நீங்க எதுக்குத் திரும்புனீங்க?”

அவள் டிவியை அணைத்தாள். ஃபேனை அணைத்தாள். பூவைக் கொண்டுபோய் வாசலில் வைத்தாள். செருப்பை ஏற்கெனவே கழற்றியிருந்தாள். வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். சமையலறைக்குள் போய்விட்டு வந்தாள்.

“கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி உக்காருங்களேனுங்க” என்றாள்.

இத்தனை ‘ங்க’ போட்டு என்னிடம் பேசியவர் ஒருவர்தான். வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். காலண்டரைப் பார்த்தேன். பல்லி ஒன்று போனதைப் பார்த்தேன். எப்போது ஆரம்பிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். பொறுமை போய் நானாகவே திரும்பினேன்.

அவள் என் காதுக்குப் பின்னால் டம்ளரைப் பிடித்து, அதன் விளிம்பில் ஸ்பூனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கே கேக்குதுங்க டீச்சரம்மா” என்றாள். பிறகு மெதுவாக, “எத்தன மாசமா இப்படிங்க?”

முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்க் கேட்ட கேள்வி. எனக்குத் தெரிந்த பதில்தான் வாயில் வந்தது.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. நல்லாத்தான் இருக்குது.”